குடும்பக் கணக்கு – 9: முதலில் இலையை எண்ணுங்கள்

தட்டு மாற்றிய வெற்றிலை வாடுவதற்குள் பெண்ணின் அப்பா மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுவார். பைக்கின் பின்னால் மைத்துனரோ தம்பியோ இருப்பார். "இந்த முகூர்த்தத்துக்கு இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுட்டுப் போயிருக்காங்க சார்" என்பார் மேனேஜர். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். அங்கேயே அட்வான்ஸ் கை மாறும். ரசீதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் யார் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சையே எடுப்பார்கள். மண்டபத்தில் 800 நாற்காலி. 300 பேர் வந்தால் ஹால் வெறிச்சென்று தெரியுமே என்று அம்மாவுக்குக் கவலை வரும். அந்தக் கவலைக்கு மருந்தாக இன்னும் 200 பத்திரிகை சேர்த்து அடிப்பார்கள்.

நாற்காலியை நிரப்ப ஆள் தேடுகிற இந்த இடத்தில்தான் நடுத்தர வீட்டுக் கல்யாணம் கைமீறத் தொடங்குகிறது. நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ கைமீறுவதெல்லாம் அப்புறம் நடப்பது.

இந்தத் தொடரில் இதுவரை வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவம் என்று திரும்பத் திரும்ப வரும் செலவுகளைப் பார்த்தோம். அதிலெல்லாம் இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம் சரி செய்துகொள்ளலாம். கல்யாணச் செலவு வேறு ரகம். ஒரே தடவை வரும், ஊரே வந்து பார்க்கும், மொத்தச் சேமிப்பும் அதில் இருக்கும், செலவு செய்பவருக்கோ முன்அனுபவம் இருக்காது. ஐந்தாறு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீடு எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் இந்த வாரம் பார்ப்போம். இலையிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

சமையல்காரர்கள் ஆளை எண்ணுவதில்லை. "எத்தனை இலை சார்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. பாதிப் பேரைத் திகைக்க வைக்கும் கேள்வியும் அதுதான். அந்த எண் கையில் இருந்தால் மண்டபத்தின் அளவு, பத்திரிகை எண்ணிக்கை, தாம்பூலப் பை, வேன், தண்ணீர் கேன் எல்லாம் அதிலிருந்து தானாக இறங்கி வரும். இல்லையென்றால் ஒவ்வொருவரும் தன் தொழிலுக்கு வசதியான எண்ணை நம் தலையில் கட்டுவார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. நமக்கே தெரியாத கணக்கை அவர்கள் எப்படிப் போடுவார்கள்?

மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில், போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தோம். மூத்த மகளுக்கு 2011-ல் கல்யாணம் முடிந்துவிட்டது. இப்போது இளையவள் முறை. கையில் இருப்பது 6 லட்சம். கடன் வாங்கினால் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று பெண் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"எத்தனை பேரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"கொறச்சுப் பாத்தாலும் ஆயிரம் பேர் வந்துருவாய்ங்க."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"சும்மா ஒரு கணக்குத்தேன்."

பீரோவின் அடித்தட்டிலிருந்து மூத்தவள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்து வரச் சொன்னேன்.

நீள நோட்டு. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறிக் கிடந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் முதலில் ஊர்ப் பெயர், பிறகு தகப்பன் பெயர், பிறகு ஆள் பெயர், கடைசியில் தொகை. 51, 101, 201 என்று இறங்கிக்கொண்டே போகும் பட்டியலில் தாய்மாமன் வரிசை வருகிற இடத்தில் மட்டும் எழுத்தே கொஞ்சம் பெரிதாகிறது. இடையிடையே 'எவர்சில்வர் அண்டா 1', 'சுவர்க் கடிகாரம் 1'. கடிகாரம் மட்டும் ஏழு வந்திருந்தது. அந்தக் காலத்துப் பரிசு அது. யாரைக் குறை சொல்ல.

எண்ணிப் பார்த்தோம். 312 வரி. ஆயிரம் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்த மனிதர் நோட்டை வாங்கி மறுபடியும் புரட்டினார். "மொய் எழுதாம சாப்புட்டுப் போனவிங்களும் இருப்பாய்ங்கல்ல" என்றார்.

இருப்பார்கள்தான். ஆனால் ஒரு வீட்டின் உண்மையான உறவு வட்டத்துக்கு மொய் நோட்டை விட நம்பகமான ஆவணம் கிடையாது. நமக்கு யார் செய்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. நாம் யாருக்குத் திருப்பிச் செய்துவிட்டோம், யாருக்கு இன்னும் பாக்கி என்பதும் அதை வைத்துத்தான் தெரியும். செய்முறை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டைக் கூப்பிடாமல் விட முடியாது. அது மரியாதை மட்டுமில்லை, கொடுக்கல் வாங்கல். செய்முறையே இல்லாத, பதினாலு வருஷத்தில் ஒரு சாவுக்கோ சடங்குக்கோ எட்டிப் பார்க்காத வீட்டைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பது வெறும் பழக்கம்.

பெண் பென்சிலை எடுத்துக்கொண்டாள். காலமானவர்கள், ஊரைவிட்டுப் போய்த் தொடர்பு அற்றவர்கள் முதலில் போனார்கள். பிறகு ஒவ்வொரு பெயராக விசாரணை.

"இது யாருப்பா, டிப்போ மேனேஜர்?"

"பழைய மேனேஜர்ம்மா. பெரிய மனுசன்."

"நீங்க ரிட்டயர் ஆனப்ப வந்தாரா?"

அப்பா ஃபேனைப் பார்த்தார்.

"அக்கா கல்யாணத்துக்கப்புறம் ஒரு போனாச்சும் பண்ணாரா?"

"பத்திரிகை வைக்கலேன்னா கோவிச்சுக்குவாரு."

"வச்சா மட்டும் வரவா போறாரு?"

உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணே, அவ கேக்குறதும் ஞாயந்தானே. அந்தாளு அன்னைக்கே பாயசம் சரியில்லேன்னுட்டுப் போனவருதேன்."

மேனேஜர் பெயரும் போனது. சாயங்காலத்துக்குள் நோட்டில் அடித்ததெல்லாம் அடித்து, 2011-க்குப் பிறகு வந்த அக்கம்பக்கம், பெண்ணின் ஆபீஸ் தோழிகள் என்று சேர்த்ததெல்லாம் சேர்த்து, 180 வீடு என்று நின்றது.

மொய்யைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மொய் வரும்ல, அதை வச்சு சமையல்காரருக்குக் குடுத்துரலாம்" என்று பட்ஜெட்டில் மொய்யை வரவாக எழுதும் வீடுகள் நிறைய. எழுதாதீர்கள். மொய் என்பது வட்டியில்லாக் கடன். என்றைக்குத் திருப்பிக் கேட்பார்கள் என்பது மட்டும் தெரியாத கடன். புதுக்கோட்டை மாவட்டத்து வடகாடு, கீரமங்கலம் பக்கமும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் இதை மறைக்காமல் ஒத்துக்கொள்வார்கள். அங்கே ஆடி மாதத்தில் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்து என்றே போடுவார்கள். கறிச்சோறு, மொய் எழுதத் தனித்தனி மேசை, இப்போது கணினியும் ரசீதும். அவ்வளவும் கடன் என்று வாங்குபவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். மற்ற ஊர்களில் அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, மொய்ப்பணம் கைக்கு வருவது கல்யாணத்தன்று. அட்வான்ஸ்களோ அதற்கு நான்கு மாதம் முன்பே போயிருக்கும்.

சரி, 180 வீடு எத்தனை இலை? பத்திரிகை எண்ணிக்கையை நாலால் பெருக்கு என்று சில சமையல்காரர்கள் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படி அழைத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் இலை விழும். வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்து, "எல்லாரும் முந்தின நாளே வந்துரணும்" என்று கூப்பிட்ட வீட்டிலிருந்து குடும்பமே வரும். மூன்று இலை போடுங்கள். போனில் சொல்லி வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிய வீட்டிலிருந்து பெரும்பாலும் ஒருவர் தலைகாட்டுவார். அந்த வீட்டுக் கணக்கில் நேரில் வைக்க வேண்டியவை 70 வீடு. அதற்கு 210 இலை. மீதி 110 வீட்டுக்கு 110. ஆக 320. மாப்பிள்ளை வீட்டார் கணக்கு 130. மொத்தம் 450 இலை. இந்த 130 எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது ஒரு தனிக் கதை.

இன்னொரு பெருக்கல் பாக்கி இருக்கிறது, வேளை. நம் ஊரில் தாலி கட்டுவதற்கு முந்தின நாள் இரவே வரவேற்பு வைத்துவிடுகிறோம். அதனால் ஒரு கல்யாணத்துக்கு இரவுச் சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று வேளை. ஒரு பேச்சுக்கு இரவும் மதியமும் இலை 250 ரூபாய், டிபன் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை கூடலாம், குறையலாம். 'ஆயிரம் பேர்' கல்யாணத்தில் இரவு 700, காலை 300, மதியம் 600 என்று 1,600 இலை விழும். 1,75,000 + 36,000 + 1,50,000. மொத்தம் 3,61,000 ரூபாய். ஆறு லட்சத்தில் பாதிக்கு மேல் எச்சில் இலையோடு போய்விடும். நம் கண்டக்டர் வீட்டில் வரவேற்பைக் கைவிட்டு, காலையில் நெருங்கிய உறவுக்கு மட்டும் 150 டிபன், மதியம் 450 சாப்பாடு என்று வைத்தால் 18,000 + 1,12,500. மொத்தம் 1,30,500. வித்தியாசம் 2,30,500 ரூபாய். சவரன் 90,000 என்றால் அது இரண்டரை சவரன்.

கூட்டிக் காட்டியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. அத்தைதான், "அப்ப அந்த ஏழு கெடிகாரக்காரவிங்களையும் சேத்தே அடிச்சுரு" என்றார்.

வரவேற்பை எடுத்துவிடச் சொன்னால் பலருக்கு மனசு வருவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வர முடியும் என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் வரவேற்பை வைத்துக்கொண்டு முகூர்த்தத்தைச் சுருக்குங்கள். விடிகாலை 4.30 முதல் 6 வரை முகூர்த்தம் என்றால் கூட்டம் தானாகக் குறையும், டிபனோடு முடிந்துவிடும். இரண்டில் ஒன்றுதான் பெரிதாக இருக்கலாம். இரண்டும் பெரிதாக இருப்பது ஆறு லட்சத்துக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது மண்டபத்துக்குப் போகலாம். 450 இலை என்று தெரிந்தபின் நீங்கள் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் ஹாலை அல்ல, கீழே இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தை. ஒரு பந்தியில் 150 பேர் உட்காரலாம் என்றால் மூன்று பந்தி. ஒரு பந்திக்கு 40 நிமிடம். பதினொன்றுக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு முடியும். சாப்பாட்டுக் கூடம் சின்னதாக இருந்து ஹால் பெரிதாக இருக்கும் மண்டபங்களில்தான், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கண்றாவி நடக்கிறது. மேடையில் தாலி கட்டுவது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றால் 200 நாற்காலி போதும். ஒரே நேரத்தில் 450 பேரும் உட்கார்ந்திருக்கும் கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் வாசலில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மின்சாரம் யூனிட் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, பாத்திரம் உண்டா, கேஸ் வெளியிலிருந்து கொண்டுவரலாமா, துப்புரவுக்குத் தனியா, வெளிச் சமையல்காரரை விடுவார்களா, மேடை அலங்காரம் அவர்கள் சொல்லும் ஆள்தான் செய்ய வேண்டுமா? 60,000 ரூபாய் வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டாலே 10,800 ஏறும். இதெல்லாம் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

நாளும் விலையை மாற்றும். ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் வைப்பதில்லை. மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், ஊரில் உள்ள எல்லோரும் அதே நாளில்தான் நிற்பார்கள். அன்றைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பூ கிலோ ஆயிரங்களில் பேசும். வாழை இலைக் கட்டும் சும்மா இருக்காது. மேளக்காரர், வேன்காரர், போட்டோகிராபர் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் கிராக்கி. தேய்பிறையானாலும் பஞ்சமி வரை வளர்பிறை மாதிரிதான் என்று சொல்லும் ஜோசியர்கள் உண்டு. உங்கள் ஜோசியரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். தேய்பிறை புதன்கிழமை முகூர்த்தம் கிடைத்தால் மண்டபத்தில் வாடகையைப் பேசிக் குறைக்கிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்துச் சின்ன மண்டபத்தில் சாப்பாடு போடுவது, என்னைக் கேட்டால், நடுத்தர வீட்டுக்கு இருக்கிற வழிகளில் ரொம்பவே நல்ல வழி. மதுரைக்காரர்களுக்குத் திருப்பரங்குன்றம் இருக்கிறது; முருகனே தெய்வானையை மணந்த தலம் என்பதால் கௌரவக் குறைச்சலும் இல்லை. சென்னைக்கு வடபழநி, கடலூர்ப் பக்கம் திருவந்திபுரம். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்துக்குப் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி நிற்கும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் உங்கள் கல்யாணத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பின்னால் அடுத்த ஜோடி காத்திருக்கும், வயசானவர்கள் நிற்க வேண்டியிருக்கும், போட்டோகிராபர் முகத்தைச் சுளிப்பார். முன்பதிவுக்கு இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, இதற்கு முன் திருமணம் ஆகாதவர் என்பதற்கான சான்று ஆகியவை கேட்பார்கள். ஒரு மாதம் முன்பே அலுவலகத்தில் போய் விசாரித்துவிடுங்கள்.

இதையும் விடச் சுருக்கமாக நடத்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணத்துக்கு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால் சட்ட ஏற்பு கிடைத்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு என்று அது இருக்கிறது. உறவினரோ நண்பர்களோ முன்னிலையில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் போட்டுக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். நான்கில் ஏதாவது ஒன்று. புரோகிதர் தேவையில்லை. இப்படி நடக்கும் திருமணத்தில் வழக்கறிஞர்களும், தொழில்முறையில் இல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ, சாட்சியாக இருக்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. சட்டம் கேட்பது இரண்டு மாலை. அதற்கு மேல் நாம் செய்வதெல்லாம் ஊருக்கும் நம் ஆசைக்கும். ஆசைப்படுவதில் தப்பில்லை, எந்த ஆசைக்கு எவ்வளவு என்று தெரிந்து செய்தால் சரி.

எப்படி நடத்தினாலும் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதம் எதுவானாலும், 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதோ விசா கேட்கும்போதோதான் பலருக்கு இது ஞாபகம் வருகிறது.

நகையைப் பற்றி இந்த வாரம் அதிகம் பேசப் போவதில்லை, அதற்குத் தனி வாரம் வேண்டும். 2024 மார்ச் கடைசியில் சவரன் 50,000-ஐத் தாண்டியபோது இனி இறங்கும் என்று காத்திருந்தவர்கள் 2025 அக்டோபரில் 90,000-ஐப் பார்த்தார்கள். ஏறுமா இறங்குமா என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. சேதாரத்தை மட்டும் கவனியுங்கள். 12 சதவீதம் சேதாரம் என்றால் ஒரு சவரனுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் நம் கழுத்துக்கே வராமல் போகிறது. அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும் என்பதால், பட்ஜெட் குறைவாக உள்ளவர்கள் எடையைக் குறைக்கும் முன் வேலைப்பாட்டைக் குறைக்கலாம். அம்மாவின் பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்யும்போது இந்தச் சேதாரம் இன்னொரு முறை விழும். அப்படியே மெருகேற்றிப் போட்டுக்கொள்ளும் பெண்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 'பாட்டி காலத்து டிசைன்' என்று பெருமையும் பட்டுக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு ஓராண்டு இருந்தால் நகைச் சீட்டு ஒரு வழி. அது ஏன் பெரும்பாலும் 11 மாதமாக இருக்கிறது தெரியுமா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று நிறுவனங்களுக்கு 2014-ல் வந்த விதி சொல்கிறது. 'தாலிக்குத் தங்கம்' கிடைக்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். கிடைக்காது. அந்தத் திட்டம் 2022-ல் புதுமைப் பெண் என்று கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறிவிட்டது.

புடவைக்கு ஒரே வரி. காஞ்சிபுரம்தான் வேண்டும் என்று நிற்காமல் ஆரணியையும் திருபுவனத்தையும் பாருங்கள். தீபாவளியை ஒட்டிய மாதங்களில் கோ-ஆப்டெக்ஸ் தரும் 30 சதவீதத் தள்ளுபடியை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த 130-இன் கதை. சம்பந்தி வீட்டாரிடம் செலவுப் பேச்சை எடுப்பதற்கு நம் அப்பாக்களுக்கு இருக்கும் கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல. யார் எந்தச் செலவைச் செய்வது என்பதில் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் வழக்கம் மாறும். சில இடங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் கல்யாணத்தையே நடத்துவார்கள், சில இடங்களில் பாதிப் பாதி. பல இடங்களில் எல்லாம் பெண் வீட்டார் தலையில். எதுவாக இருந்தாலும் பேசாமல் விட்டால் கடைசியில் அது பெண் வீட்டாரிடம்தான் வந்து நிற்கும். நம் கண்டக்டரும் முதலில், "சம்பந்திகிட்டப் போயி எப்பிடிய்யா காசு பேசுறது, சின்னத்தனமா இருக்காது?" என்றார். காசு பேச வேண்டாம், இலை பேசுங்கள் என்றேன்.

போன் போட்டார். "சம்பந்தி, நல்லாருக்கீங்களா... ஒண்ணுமில்ல, சமையக்காரரு கணக்குக் கேக்குறாரு. உங்க பக்கம் எத்தன எலைன்னு சொன்னீங்கன்னா..."

"ஒரு எரநூறு, முந்நூறு வச்சுக்கோங்களேன் சம்பந்தி" என்றார் அவர். எண்ணைக் கேட்டால் இப்படி உருண்டையாகத்தான் வரும். ஆகவே மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் பேசி, எண்ணுக்குப் பதிலாகப் பெயர்ப் பட்டியலே கேட்டார்கள்: வேனில் எத்தனை பேர், சொந்த வண்டியில் யார், முந்தின நாள் தங்குபவர் யார், ரூம் யாருக்கு. பட்டியல் எழுத உட்கார்ந்ததும் அந்த வீட்டிலும் ஒரு மொய் நோட்டு வெளியே வந்திருக்கிறது. முந்நூறு வரை போகும் என்றது 130 ஆனது. மாப்பிள்ளையின் கம்பெனி நண்பர்களுக்குப் பிறகு ஒரு நாள் அவரே தனியாக விருந்து வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அதோடு ராத்திரி வரவேற்புப் பேச்சும் யார் மனமும் நோகாமல் முடிந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் அப்பா மண்டபம் பார்க்கப் போனார். இந்த முறை பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனது பெண்.

(அடுத்த வாரம்: மளிகையை நாமே வாங்கித் தந்து கூலிக்கு ஆள் வைப்பதா, மொத்தமாக கான்ட்ராக்ட் விடுவதா? 450 இலை சொல்லி 380 இலை விழுந்தால் மீதி 70 இலைக்கு யார் பணம் கொடுப்பது?)